பெரியம்மா வானில் வாறா, ஆனால் அந்த வானில் இல்லை

வெள்ளவத்தைப் பெடியன் | செவ்வாய், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில இருக்கிற என்ர பெரியம்மா வாற மாதம் டொரன்டோவுக்குப் போறா, மகளின்ர பிள்ளைப்பேறு பார்க்க. அவவின்ர முற்றத்தில நிண்டால் பலாலியில ஏறி இறங்குற பிளேன் சத்தம் வடிவாக் கேக்கும். ஒரு சர்வதேச விமான நிலையம் கூப்பிடு தூரத்தில. ஆனால் அவ போகப்போறது எப்படி? இரவு வான் பிடிச்சு, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு எண்டு விடிய விடிய ஓடி, கொழும்புக்குப் பக்கத்தில கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்து, அங்க இருந்து வளைகுடாவில ஒரு ஊரில மாறி, பிறகு டொரன்டோ.

மருமகன் சொல்றார் “அம்மா வானில் வாறா” எண்டு. நான் ஒரு நிமிசம் பலாலியால பிளேன் எண்டு சந்தோசப்பட்டிட்டன். அவர் சொன்னது டொயோட்டா வான்.

பலாலியில இருந்து பிளேன் இல்லாமல் இல்லை. சென்னைக்குப் போகுது, திருச்சிக்குப் போகுது. உள்ளூர்ச் சேவை கொழும்பின்ர மற்றப் பக்கத்தில இருக்கிற இரத்மலானைக்கு வந்து போயிருக்கு. எனக்கு விளங்காதது ஒண்டுதான்: பலாலியில ஏறி கட்டுநாயக்காவில இறங்கி அப்படியே அடுத்த பிளேனில ஏற ஏன் ஒரு வழியில்லை? காசு இல்லையா, மனம் இல்லையா, இல்லாட்டி இதில எனக்குத் தெரியாத கணக்கு ஏதும் இருக்கா?


கொச்சிக்கடைச் சந்தி | செவ்வாய், இரவு 9.31

மனம் இல்லை. அவ்வளவுதான் தம்பி. இழையைப் பூட்டலாம்.


காலி வீதி டிக்கட் அக்கா | செவ்வாய், இரவு 9.58

பூட்ட வேண்டாம், நல்ல கேள்வி. இருபது வருசமா இந்தத் தொழிலில இருக்கிறன். கவுண்டருக்கு வாற பத்தில மூண்டு பேர் இதைத்தான் கேப்பினம்.

தம்பி, இரத்மலானைச் சேவை இருக்கேக்க அதையும் சில பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கிறன். ஒரு அம்மா பலாலியால ஒரு மணித்தியாலத்தில வந்து இறங்கினா. பிறகு இரத்மலானையில இருந்து கட்டுநாயக்காவுக்கு வர அந்த ஒரு மணித்தியாலத்துக்கும் கூடப் போச்சு. நடுவில கொழும்பு முழுக்கக் கிடக்குதே. தெகிவளைச் சந்தியில ஒரு மழை, பேலியகொடையில ஒரு நெரிசல். அதுக்கிடையில முதல் பிளேன் லேட். இரண்டு டிக்கட்டும் வெவ்வேறு கம்பனி. முதலாவது பிந்தினால் இரண்டாவது காத்திருக்காது, காசும் திரும்பாது. எந்தக் கம்பனி எண்டு கேக்காதேங்கோ. அந்த அம்மா அழுத அழுகை இப்பவும் காதுக்குள்ள நிக்குது. அதுக்குப் பிறகு நான் ஆருக்கும் அப்படிப் போடுறேல்லை. வானில வாங்கோ எண்டுதான் சொல்லுறன்.


மொறட்டுவ மாணவன் | செவ்வாய், இரவு 10.40

நான் போக்குவரத்துத் துறையில் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இருக்கிறது அண்ணா. பத்து ஊர்களை எடுங்கள். ஒவ்வொரு ஊரையும் மற்ற ஒவ்வொன்றோடும் நேராக இணைக்க 45 பாதை வேண்டும். அதில் ஒன்றை நடு ஊராக வைத்து மற்ற ஒன்பதையும் அதோடு மட்டும் கட்டினால் 9 பாதை போதும். அதே 45 சோடி ஊருக்கும் டிக்கட் விற்கலாம், என்ன, பெரும்பாலானவர்கள் நடுவில் ஒரு முறை மாறவேண்டும். பதினோராவது ஊரைச் சேர்க்க இன்னும் ஒரே ஒரு பாதைதான். ஆனால் விற்கக்கூடிய சோடி பத்து கூடுகிறது. அதனால்தான் விமானக் கம்பனிகளுக்கு இப்படி ஒரு நடு ஊர், அதாவது ஹப், என்றால் அவ்வளவு ஆசை.

இதை எங்கள் ஆட்களுக்கு மாகோ ரெயில் சந்தியை வைத்துச் சொன்னால் உடனே புரியும். மட்டக்களப்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ரெயிலில் போக வேண்டுமானால் மாகோ வரைக்கும் இறங்கி வந்து மாறித் திரும்ப மேலே போகவேண்டும். வரைபடத்தில் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் மட்டக்களப்பு–யாழ்ப்பாணம் நேர் ரெயில் விட்டால் எத்தனை பேர் ஏறுவார்கள்? மாகோவில் கொழும்புக்காரர், அனுராதபுரத்துக்காரர், வவுனியாக்காரர் எல்லாரும் ஒன்றாகச் சேர்கிறபடியால் ரெயில் நிறைகிறது.

பிளேனும் அப்படித்தான். மதுரையில் இருந்து மெல்போர்னுக்கு ஒரு நாளைக்கு நாலு பேர் போகலாம். நாலு பேருக்கு எவனும் ஏ330 மாதிரிப் பெரிய பிளேன் விடமாட்டான். மதுரை நாலு, திருச்சி ஆறு, சென்னை, திருவனந்தபுரம், இவர்களை எல்லாம் கொழும்பில் கொண்டுவந்து கொட்டி, அதோடு கொழும்பு ஆட்களையும் ஏற்றினால் பிளேன் பறக்கும். 2017 அக்டோபரில் ஸ்ரீலங்கன் மெல்போர்னுக்கு நேர் சேவை தொடங்கியபோது கொழும்பு ஆட்களை மட்டும் நம்பித் தொடங்கியிருக்க முடியாது.

எனவே கொழும்புக்கு மெல்போர்ன் நேராகக் கிடைத்ததற்கு மதுரைக்காரரும் ஒரு காரணம். இதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.


மதுரைக்காரன் கொள்ளுப்பிட்டியில் | செவ்வாய், இரவு 11.05

சொல்லிட்டீங்க, நன்றி தம்பி. 😄

நான் மதுரை, இங்க வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. எங்க ஊர் கதையையும் கேளுங்க. மதுரையிலிருந்து முதன்முதலா வெளிநாட்டுக்கு பிளேன் போனது 2012 செப்டம்பர்ல, அதுவும் கொழும்புக்குத்தான். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போறதுக்கு எங்க பக்கம் கூட்டத்துக்குக் குறைச்சலே இல்ல. ஆனா நாட்டுக்கு நாடு போட்டுக்குற ஒப்பந்தத்துல எந்தெந்த ஊர்ல இறங்கலாம்னு ஒரு பட்டியல் இருக்கு. வளைகுடா நாட்டுப் பட்டியல்ல மதுரை கிடையாது. அதனால அவங்க கம்பெனி நேரா மதுரைக்கு வர முடியாது. இந்தியக் கம்பெனி போனாத்தான் உண்டு. இலங்கைக்கு அந்தத் தடை இல்ல. அதனால எங்க ஊர்ல எத்தனையோ பேருக்கு வளைகுடாவுக்கு வாசல் கட்டுநாயக்காதான்.

வேடிக்கை என்னன்னா மதுரைக்காரனுக்கு கட்டுநாயக்கா ஹப், தெல்லிப்பழை அம்மாவுக்கு இல்ல.


வெள்ளவத்தைப் பெடியன் | செவ்வாய், இரவு 11.11

கடைசி வரி நெஞ்சில குத்துது அண்ணை. மதுரையில ஏறினா கட்டுநாயக்காவில மாறலாம், பலாலியில ஏறினா மாறேலாது.


கொச்சிக்கடைச் சந்தி | செவ்வாய், இரவு 11.14

நான் முதலே சொன்னன், மனம் இல்லை எண்டு.


ஓடுபாதை | புதன், காலை 6.20

நான் கட்டுநாயக்காவில முப்பது வருசத்துக்கு மேல வேலை செய்து இளைப்பாறினவன். பழைய கதை கொஞ்சம் சொல்லவேணும்.

1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின்ர முதல் சேவை ஆரம்பமானது எங்கையிருந்து எங்க தெரியுமோ? இரத்மலானையில இருந்து காங்கேசன்துறைக்கு வந்து, பிறகு மதராஸ். டி.சி.3 விமானம். அப்ப யாழ்ப்பாணத்தை ஆரும் தயவு பண்ணிச் சேர்க்கேல்லை. அது வழியில இருந்தது, அதனால நிண்டது. அந்தக் காலத்துச் சேவையெல்லாம் பஸ் ஓடுற மாதிரி, ஒரு கோட்டில ஒவ்வொரு ஊரா இறங்கி இறங்கிப் போறது. வழியில இருக்கிற ஊருக்கு அதிர்ஷ்டம். எங்கட அப்பா சொல்லுவார், மதராசுக்குப் போறது கண்டிக்குப் போறதை விட லேசு எண்டு.

ஜெட் வந்த பிறகு வழியில நிக்கத் தேவையில்லாமல் போச்சு. சின்ன விமானம் எண்ணெய்க்கும் ஆளுக்குமா இறங்கும், பெரிய விமானம் தலைக்கு மேலால போயிடும். 1960களின்ர கடைசியில கட்டுநாயக்கா பெரிய நிலையமா வர, வெளிநாட்டுச் சேவை எல்லாம் அங்க போய்ச் சேர்ந்துது. உள்ளூர்ச் சேவை இரத்மலானையிலயே தங்கிப் போச்சு. தம்பி கேட்ட கேள்விக்கு வேர் அங்கதான் கிடக்குது. சண்டை வந்து எல்லாத்தையும் கெடுத்தது உண்மை. ஆனால் வெளிநாட்டுப் பிளேனும் உள்ளூர்ப் பிளேனும் வேற வேற ஊரில நிக்கத் தொடங்கினது சண்டைக்கு முதலே.

இன்னொண்டு. கொக்கலை எண்டொரு இடம் காலிக்கு அங்கால இருக்கு, வாவி. 1943 இலிருந்து 1945 வரைக்கும் உலகத்தின்ர மிக நீண்ட விமானப் பயணம் அங்கதான் வந்து இறங்கினது. ஆஸ்திரேலியாவின்ர பெர்த்தில இருந்து கன்டாஸ் கம்பனி கட்டலினா கடல்விமானத்தில நேரா கொக்கலைக்கு வரும். இருபத்தேழு மணித்தியாலத்துக்கும் மேல ஆகாயத்தில, வழியில இரண்டு சூரிய உதயம் பார்க்கலாம். ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடிச்சு வைச்சிருந்தபடியால அந்தச் சுத்து. உலக யுத்தம் முடிஞ்சுது, பழைய பாதை திறந்துது, கொக்கலை திரும்பவும் மீன்பிடிக்கிற ஊராப் போச்சு. வாவி அதே வாவிதான்.


காலி வீதி டிக்கட் அக்கா | புதன், காலை 8.45

ஐயா, கொக்கலைக் கதை எனக்குத் தெரியாது. அருமை. இன்னும் எழுதுங்கோ.


தேயிலைத்தளிர் | புதன், காலை 10.02

நான் ஹட்டன் பக்கம், இப்ப தெமட்டகொடயில் இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் டொரன்டோ, மெல்போர்ன் என்று கதைக்கிறீர்கள். கட்டுநாயக்காவில் அதிகாலை இரண்டு மணிக்கு வருகை வாசலில் நின்று பாருங்கள். றியாத், குவைத், தம்மாம், டோஹா. வெளியே வான் வரிசை, தூங்கி விழுகிற பிள்ளைகள், கயிறு சுற்றிய போர்வை மூட்டை. என்னுடைய அம்மாவும் ஒரு தடவை அப்படித்தான் வந்தார். நாலு வருசத்துக்குப் பிறகு. தம்பி அவரை அடையாளம் காணவில்லை.

கொழும்புக்குத் தம்மாம் நேர் விமானம் ஏன் இருக்கிறது? யாருடைய பிளேன் கணக்கும் இல்லை. எங்கள் தாய்மார் அங்கே வேலைக்குப் போனார்கள், அதனால் இருக்கிறது. மாணவன் தம்பி, உங்கள் கணக்கில் இவர்களையும் எழுதுங்கள்.


மொறட்டுவ மாணவன் | புதன், காலை 10.50

எழுத வேண்டியது என் கடமைதான் அக்கா. நீங்கள் சொன்னது கணக்குக்கு வெளியே இல்லை, கணக்கின் அடித்தளமே அதுதான். ஒரு சோடி ஊருக்கு நடுவில் தினமும் ஒரு பிளேன் நிறையுமளவுக்கு ஆள் இருந்தால் அதற்கு ஹப் தேவையில்லை, நேராகவே ஓடும். கொழும்பு–றியாத் அப்படி. அந்த அளவுக்கு ஆள் இல்லாத சோடிகளுக்குத்தான் நடு ஊர்.

டொரன்டோவின் பிரச்சினையும் இதுதான். அங்கே எங்கள் ஆட்கள் பெருந்தொகை, ஆனால் தூரம் அதிகம், அவ்வளவு தூரம் பறக்கிற பிளேனின் விலை அதிகம், வருவதும் கோடை விடுமுறையில் ஒரேயடியாக. ஆகவே துபாயும் டோஹாவும் அந்த ஆட்களை அள்ளிக்கொள்கின்றன. தன் நாட்டில் இறக்கி ஏற்றி இரண்டு வெளிநாட்டுக்கும் இடையில் ஆள் கொண்டுபோவதை ஆறாவது சுதந்திரம் என்பார்கள். சுதந்திரம் என்ற சொல்வழக்கு 1944 சிக்காகோ மாநாட்டில் இருந்து வந்தது, ஆறாவதைப் பிறகுதான் சேர்த்தார்கள். எமிரேட்ஸ் 1985 இல் கராச்சிக்கும் பம்பாய்க்கும் பறக்கத் தொடங்கிய சின்னக் கம்பனி. அதுதான் 1998 இல் எங்கள் நாட்டுக் கம்பனியின், இன்றைய ஸ்ரீலங்கனின், 40 சதவீதத்தை வாங்கிப் பத்து வருடம் நடத்தியது.


கொச்சிக்கடைச் சந்தி | புதன், பகல் 12.20

நடத்தினவன் தன்ர துபாய்க்கு ஆள் பிடிச்சிருப்பான். கொழும்பை வளர்க்க அவனுக்கென்ன விசரா?


மட்டுறுத்துநர் | புதன், பகல் 12.41

கம்பனிகள் மீதான ஊகங்களைத் தவிர்க்கவும். விடயத்துக்கு வாருங்கள்.


காலி வீதி டிக்கட் அக்கா | புதன், பகல் 1.30

விடயத்துக்கே வாறன். ஹப் எண்டால் கொழும்புக்காரருக்கு லாபம் எண்டு நினைக்காதேங்கோ. நேற்றும் ஒரு பெடியன் கவுண்டரில சண்டை. மதுரையில இருந்து கொழும்பு வழியா மெல்போர்ன் போற டிக்கட், கொழும்பில இருந்து மெல்போர்ன் போற டிக்கட்டை விடக் குறைவா இருக்குதாம். “நான் பாதி வழியில ஏறுறன், எனக்கு ஏன் கூட?” எண்டு கேக்கிறான்.

காரணம் லேசு. மதுரைக்காரருக்கு சிங்கப்பூர் வழியாகவும் போகலாம், சென்னைக்குப் போயும் ஏறலாம். அவரைப் பிடிக்கிறதுக்கு விலை இறக்கவேணும். கொழும்புக்காரருக்கு நேர்ப் பிளேன் இருக்கு, மாறாமல் போற வசதிக்கு அவர் கூடக் குடுப்பார் எண்டு கம்பனிக்குத் தெரியும்.


வாவிக்கரை | புதன், பகல் 1.52

அக்கா, அப்ப மதுரை டிக்கட்டை வாங்கி வைச்சுக்கொண்டு கொழும்பில ஏறினா என்ன?


காலி வீதி டிக்கட் அக்கா | புதன், பகல் 1.58

நாளைக்கு ரெண்டு பேராவது இதைக் கேப்பினம். 😀 ஏலாது தம்பி. முதல் துண்டில ஏறாட்டி மிச்சத் துண்டு எல்லாத்தையும் சிஸ்டம் தானா வெட்டிப் போடும். கவுண்டரில நிண்டு கத்தினாலும் பிரயோசனம் இல்லை.


மொறட்டுவ மாணவன் | புதன், பகல் 2.25

இது உலகம் முழுக்க இருக்கிற வியாதி. அமெரிக்காவில் 1978 இல் அரசாங்கம் விமானக் கம்பனிகளின் பாதையையும் கட்டணத்தையும் தீர்மானிப்பதை விட்டுவிட்டது. கம்பனிகள் ஆளுக்கொரு ஊரைப் பிடித்து ஹப் கட்டின. அந்த ஊர்க்காரர்கள் மற்ற ஊர்க்காரர்களை விடக் கூடக் கட்டணம் கொடுக்கிறார்கள் என்று 1989 இல் செவரின் போரன்ஸ்டீன் என்ற பொருளியலாளர் எழுதியது எங்களுக்குப் பாடத்தில் வருகிறது.

ஆனால் ஹப்பை இழந்த ஊரின் கதையைக் கேட்டால், கூடக் கொடுப்பது பரவாயில்லை என்று தோன்றும். பிட்ஸ்பர்க் நகரம் 1992 இல் ஒரு கம்பனிக்காகவே பிரமாண்டமான புதிய நிலையம் கட்டியது. உச்சத்தில் ஒரு நாளைக்கு 500க்கு மேல் விமானம் புறப்பட்டது. 2004 இல் அந்தக் கம்பனி ஹப்பை எடுத்துவிட்டது. ஊரின் சனத்தொகை ஒரே இரவில் குறையவில்லை, அவர்களுடைய பயணத் தேவையும் குறையவில்லை. மாறிப்போகிறவர்கள் வராமல் போனதும் நேர் விமானங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சென்ட் லூயிஸ், சின்சினாட்டி, மெம்பிஸ் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே கதை.


ஓடுபாதை | புதன், பகல் 3.10

அவையின்ர நிலையமாவது ஒரு காலம் நிறைஞ்சு வெறுமையானது. எங்கட அம்பாந்தோட்டைப் பக்கத்து மத்தளை விமான நிலையம் நிறையாமலே வெறுமையானது. 2013 மார்ச்சில திறந்து, 3,500 மீற்றர் ஓடுபாதை, வருசத்துக்குப் பத்து இலட்சம் பேருக்குக் கட்டினது. எங்கட கம்பனிப் பிளேன் கொழும்புக்கு வந்து, அங்கயிருந்து ஒரு தத்தல் தத்தி மத்தளையில இறங்கி ஏறும். ஒவ்வொரு தத்தலுக்கும் எண்ணெய், இறங்கு கூலி, ஆட்களின்ர நேரம். 2015 ஜனவரியில நிப்பாட்டிச்சினம். பிறகு சரக்குக் கட்டடத்தில நெல்லு அடுக்கி வைச்சது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஹப்பை இரண்டாப் பிரிச்சால் இரண்டும் ஹப் இல்லை. மாகோவில பாதிப் பேரும் கல்கமுவையில பாதிப் பேரும் இறங்கி நிண்டால் ஆர் ஆரோட மாறுறது?

கட்டுநாயக்காவுக்கும் ஒரு பலவீனம் இருக்கு, ஒரே ஒரு ஓடுபாதை. 2017 ஜனவரியில இருந்து ஏப்ரல் வரை அதைத் திருத்துறதுக்காக ஒவ்வொரு நாளும் காலை எட்டரையில இருந்து பின்னேரம் நாலரை வரை பூட்டினவை. பகல் முழுக்க ஓடுபாதையில தார் இயந்திரம், இரவு முழுக்க பிளேன் வரிசை. முன்னிரவில ஒரு பிளேன் பிந்தினா, அதை நம்பி மாற வந்த அடுத்த பிளேன் ஆட்களும் பிந்துவினம், அவையளுக்காக மூண்டாவது பிந்தும். ஹப்பில ஒரு பிளேன் தனியாப் பிந்துறேல்லை.

2022 இல எண்ணெய் முடிஞ்ச காலத்தில இன்னொரு கூத்து. நெடுந்தூரப் பிளேன் கட்டுநாயக்காவில ஆட்களை ஏத்திக்கொண்டு திருவனந்தபுரத்திலயோ கொச்சியிலயோ இறங்கி எண்ணெய் அடிச்சுக்கொண்டு போகும். அப்ப என்ர மருமகன் அங்க வேலையில இருந்தவன். “மாமா, மண்ணெண்ணெய்க் கியூவில நிக்கிற மாதிரி எங்கட பிளேன் கேரளாவில நிக்குது” எண்டான்.


வாவிக்கரை | புதன், மாலை 4.05

நாங்கள் மட்டக்களப்பு. 2018 இல எங்கட விமான நிலையத்தைச் சிவில் சேவைக்குத் திறந்தவை. திறப்பு விழாப் படம் இருக்கு. எனக்கு இரவு ரெயில்தான். உங்களுக்குக் கோடு பிழையான ஊருக்குப் போகுது எண்டு கவலை, எங்களுக்குக் கோடே இல்லை. 🙂


வெள்ளவத்தைப் பெடியன் | புதன், இரவு 8.30

எல்லாரும் எழுதினதை வாசிச்சன். எனக்கு இப்ப விளங்கினதை எழுதுறன், பிழையெண்டால் திருத்துங்கோ.

யாழ்ப்பாணத்துக்கு விமான நிலையம் இல்லை எண்டு நாங்கள் இவ்வளவு காலம் அழுதம். 2019 அக்டோபர் 17 இல திறந்தாச்சு, கோவிட்டில மூடி 2022 டிசம்பரில திரும்பத் திறந்தாச்சு. இண்டிகோ 2024 செப்டெம்பரில சென்னையில இருந்தும் 2025 மார்ச்சில திருச்சியில இருந்தும் தொடங்கினது. எல்லாம் எழுபது எண்பது பேர் கொள்ளுற ஏ.டி.ஆர். விமானம். அப்படிப் பார்த்தால் பலாலி இப்ப சென்னை எண்ட சில்லின்ர ஒரு கம்பி. கொழும்புச் சில்லின்ர கம்பி இல்லை. பெரியம்மா டொரன்டோவுக்குப் போகலாம், ஆனால் எங்கட நாட்டின்ர ஹப்பால இல்லை, சென்னையால. சரிதானே?


காலி வீதி டிக்கட் அக்கா | புதன், இரவு 8.52

சரி. ஆனால் சென்னையால போறதிலயும் கவனம். பலாலி–சென்னையும் சென்னை–டொரன்டோவும் ஒரே டிக்கட்டா எழுதாட்டி, அவ சென்னையில வெளிய வந்து பெட்டி எடுத்துத் திரும்ப ஏத்தவேணும். அதுக்கு இந்திய விசா வேணும். பின்னேரம் சென்னையில இறங்கினால் நடுச்சாமம் தாண்டித்தான் வெளிநாட்டுப் பிளேனில ஏறுறது. வயது போன மனிசி, சக்கர நாற்காலி. யோசியுங்கோ.


மொறட்டுவ மாணவன் | புதன், இரவு 9.20

அண்ணா சொன்ன சில்லு–கம்பி உவமை மிகச் சரி. நான் ஒரே ஒரு திருத்தம் சொல்வேன். கம்பி இருந்தால் மட்டும் போதாது, நேரமும் பொருந்தவேண்டும். ஹப்பில் விமானங்கள் அலை அலையாக வரும். ஒரு மணித்தியாலத்துக்குள் பத்து வந்து இறங்கும், அடுத்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள் பத்து ஏறும். பலாலி விமானம் கட்டுநாயக்காவுக்கே வந்தாலும், அந்த அலை அடிக்கிற நேரத்துக்கு வராவிட்டால் பெரியம்மா எட்டு மணித்தியாலம் கதிரையில்தான்.

நான் அமைச்சராக இருந்தால் ஒன்று செய்வேன். பலாலி–கட்டுநாயக்கா ஒரு நாளைக்கு இரண்டு சேவை, இரவு அலைக்கு ஒன்று, காலை அலைக்கு ஒன்று, ஒரே டிக்கட், பெட்டி பலாலியிலேயே டொரன்டோ வரைக்கும் ஒட்டப்படவேண்டும். நட்டத்தை அரசு கொஞ்சக் காலம் பொறுக்கட்டும். அமெரிக்கா 1978 இல் இருந்தே சின்ன ஊர்களுக்கு இப்படிக் காசு கொடுக்கிறது. இந்தியாவில் 2016 இல் உடான் திட்டம் வந்து, ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று உச்ச விலை வைத்தார்கள்.


மதுரைக்காரன் கொள்ளுப்பிட்டியில் | புதன், இரவு 9.48

உடான் பத்தி ரொம்ப நம்பாதீங்க தம்பி. சேலத்துக்கு 2018ல சென்னையிலிருந்து பிளேன் விட்டாங்க. ஊரே கொண்டாடுச்சு. 2021ல அந்தக் கம்பெனி சேலத்துக்கு வர்றத நிறுத்துச்சு, அதோட சேலம் நின்னுச்சு. திரும்ப 2023 அக்டோபர்லதான் வந்துச்சு. ஒரே ஒரு கயித்துல கட்டுன ஊர், கயிறு அறுந்தா அம்புட்டுத்தான்.


கொச்சிக்கடைச் சந்தி | புதன், இரவு 10.15

இவ்வளவு நேரமும் பொறுமையா வாசிச்சன். நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. பெரியம்மாவை அனுப்ப எத்தனை பேர் வருவினம்?


வெள்ளவத்தைப் பெடியன் | புதன், இரவு 10.19

இப்போதைக்கு எட்டுப் பேர் எண்டு கதை.


கொச்சிக்கடைச் சந்தி | புதன், இரவு 10.26

அதுதான் தம்பி. எட்டுப் பேரும் ஏ.டி.ஆரில வருவினமா? பெரியம்மா ஆருக்கும் கையாட்டாமல் பலாலியில தனியா ஏறுவாவா? மாணவன் தம்பி எழுபது சீற்றை ஒரு நாளைக்கு இரண்டு தரம் நிரப்பப் பார்க்கிறார். எங்கட ஆட்கள் பிளேனுக்குப் போறது ஒராள், வானில போறது ஒன்பது பேர். வழியில முன்னேஸ்வரம் கோயில் வேற. நான் மனம் இல்லை எண்டு சொன்னது அரசாங்கத்தை மட்டும் இல்லை.


தேயிலைத்தளிர் | புதன், இரவு 10.40

இரண்டு நாளில் நீங்கள் எழுதிய ஒரே உருப்படியான கருத்து. 😂


மொறட்டுவ மாணவன் | புதன், இரவு 11.02

ஏற்றுக்கொள்கிறேன், ஓரளவுக்கு. ஆனால் வழியனுப்ப வருகிறவர்களை வைத்து மட்டும் முடிவெடுக்கக்கூடாது. டொரன்டோவில் இருந்து விடுமுறைக்கு வருகிற குடும்பம், நாலு பேர், ஐந்து பெட்டி, கைக்குழந்தை, இருபது மணித்தியாலத்துக்கு மேல் பயணம் செய்து வந்து இறங்கியதும் திரும்ப வானில் ஏழு மணித்தியாலம். அவர்கள் கட்டுநாயக்காவில் இருந்து பலாலிக்கு ஒரு சீற்றுக்கு நல்ல விலை கொடுப்பார்கள். போகிற திசையில் வான், வருகிற திசையில் பிளேன் என்றால் பாதி வெறுமையாக ஓடும், அதையும் கணக்கில் எடுக்கவேண்டும்தான். ஆகஸ்ட் மாதம் நல்லூர் கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமை மட்டும் ஓட்டிப் பார்த்தால்கூடப் போதும், உண்மை தெரிந்துவிடும்.


ஓடுபாதை | வியாழன், காலை 5.55

நல்லூருக்கு எண்டால் நானும் ஏறுவன்.


வெள்ளவத்தைப் பெடியன் | சனி, இரவு 7.40

டிக்கட் போட்டாச்சு. அக்காவின்ர கடையிலதான், நன்றி அக்கா. கட்டுநாயக்காவில இருந்து, வளைகுடாவில ஒரு மாறல், ஒரே டிக்கட், சக்கர நாற்காலி எழுதியாச்சு. பலாலி–சென்னை வழியையும் பார்த்தம். பெரியம்மா ஒரே சொல்லில முடிச்சிட்டா: “சென்னையில தனிய இரவிரவா இருக்கேலாது, ஆரோட கதைக்கிறது?”


வெள்ளவத்தைப் பெடியன் | பயண நாள், அதிகாலை 2.15

சிலாபத்தில தேத்தண்ணிக் கடையில நிக்கிறம். நான் முதல் நாளே ஊருக்குப் போய் அவையளோடயே வாறன். வானில பதினொரு பேர், எட்டு எண்டது பொய். பின் சீற்றில பெரியம்மாவின்ர பெட்டி இரண்டு, அதில ஒண்டு முழுக்க ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் எண்டு சந்தேகம். அக்கா, அது முப்பது கிலோவுக்குள்ள நிக்குமோ தெரியேல்லை.


காலி வீதி டிக்கட் அக்கா | பயண நாள், அதிகாலை 2.21

முப்பதோ? உங்கட டிக்கட்டில ஒரு பெட்டிக்கு இருபத்திமூண்டு தம்பி. இப்பவே திறந்து பிரியுங்கோ, கவுண்டரில வைச்சுத் திறக்கவேண்டாம்.